பணியில் இல்லாத ஒருவர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் எனக்கு அசிங்கம்.

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டியுள்ள ஒரு தோல் கம்பெனிக்கு இந்த வருடம் ஐம்பது வயது. பொன்விழா மலர் எழுதித்தரும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. கம்பெனியின் பெயரைச் சொல்லமாட்டேன். நான் அங்கே டைம் ஆபீசில், அதாவது தொழிலாளர்களின் வருகையைப் பதிவு செய்யும் அறையில், கிளார்க்காக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். எனக்கு நாலு வரி தமிழ் எழுத வரும் என்பது எப்படியோ வெளியே தெரிந்துபோனதால், 2000இல் வந்த வெள்ளிவிழா மலரையும் நான்தான் எழுதினேன். அதில் என் பெயர் கிடையாது. இந்த முறை அட்டையிலேயே போடுகிறார்கள்: 'தொகுப்பாசிரியர்' என்று.

பழைய மலரின் நாற்பத்தாறாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை அப்படியே தருகிறேன்: '1997ஆம் ஆண்டு, பணியில் இல்லாத சுப்பராயன் என்பவர் தொழிற்சாலைக்குள் அத்துமீறி நுழைந்து கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து உயிரிழந்த துரதிருஷ்டமான நிகழ்வையும் கடந்து, நிர்வாகம் உறுதியுடன் முன்னேறியது.'

இந்த வாக்கியம் பொய். எழுதியபோது அது பொய் என்று எனக்குத் தெரியாது.

[கடைசி வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். அப்புறம் வருகிறேன்.]

2

ஆரம்பங்கள் எழுதிப் பார்த்தேன்.

'1975ஆம் ஆண்டு, பாலாற்றங்கரையில் ஒரு கனவு முளைத்தது.' இது மலருக்கு. கனவு முளைத்த இடத்தில் அதற்கு முன்னால் வேர்க்கடலை முளைத்துக்கொண்டிருந்தது. கடலை போட்டவர்கள் யாரும் மலர் வெளியிடவில்லை.

'தனகோடி கிழிந்த புடவையின் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் வாசலில் நின்றார்.' இது கதைக்கு. இதைப் பற்றிப் பின்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

'வரலாற்றை எழுதுவது ஜெயித்தவர்கள்தான் என்பது' — வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் மேடைப் பேச்சாகிவிடும். இருந்தாலும் மனசு கேட்காமல் ஒரு பத்தி எழுதினேன். நான் வேலூரில் பள்ளிக்கூடம் படித்தபோது 1806இல் கோட்டையில் நடந்ததை 'கலகம்' என்று எழுதினால்தான் மதிப்பெண். என் மகள் படித்தபோது அதே கோட்டை, அதே வருடம், அதே சிப்பாய்கள். 'புரட்சி' என்று எழுதினாள். இரண்டு பேருக்கும் பத்துக்கு ஒன்பது போட்டார்கள். நடுவில் பாடப்புத்தகத்தில் ஒரு வார்த்தையை மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பத்தியை எழுதும்போது எனக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது. அதனாலேயே அதன்மேல் சந்தேகம் வந்தது. இருநூறு வருடத்துக்கு முந்தைய பொய்யைத் திட்டுவதில் யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை.

3

தனகோடி வந்தது சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு. காட்பாடியில் என் வீட்டு வாசலில் செருப்பை விட்டுவிட்டு, "டைம் ஆபீஸ் சார் வூடு இதானே?" என்று கேட்டார். என்னை அப்படி யாரும் கூப்பிட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அறுபது வயது இருக்கும். குடியாத்தத்தில் தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறவர். சுப்பராயனின் மனைவி. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனி கேட்டுக்கு வெளியே ஒருமுறை பார்த்தது. அப்போது அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது.

தண்ணீர் குடித்துவிட்டு, பையிலிருந்து நாற்பத்தாறாம் பக்கத்தின் ஜெராக்சை எடுத்து வைத்தார்.

"கம்பெனில கல்லு வெக்கிறாங்களாமே சார்."

"ஆமாம்மா. பொன்விழாவுக்கு. வேலை செய்யும்போது செத்தவங்க பேரெல்லாம் போட்டு, கேட் உள்ள வெக்கிறாங்க."

"எத்தினி பேரு?"

"எட்டுப் பேர்."

"அதுல எங்க வூட்டுக்காரு?"

நான் ஜெராக்சைப் பார்த்தேன். அவர் காத்திருக்கவில்லை.

"மலர்ல எப்டி இருக்குதோ அப்டித்தான் கல்லுல வெட்டுவாங்களாம். அவருகூட வேலை செஞ்ச ஹயாத் பாய் சொன்னாரு. மலர நீங்கதான் எழுதறீங்கன்னும் சொன்னாரு. அதான் நேரா வந்துட்டேன்."

"நான் இன்னா பண்ணணும்மா?"

"பெருசா ஒண்ணும் வாணாம். வேலைக்குப் போனாரு, வேலையில செத்துப்போனாரு. அவ்ளோதான் எழுதணும். புகழ்ந்துல்லாம் எழுத வாணாம்."

ஜெராக்சில் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "அத்துமீறி நுழைஞ்சாருன்னு போட்டுக்கிறாங்க. இன்னாத்துக்கு சார் நுழைவாரு? அந்த நாத்தத்துல போயி திருடறதுக்கு இன்னா இருக்குது? அன்னைக்குப் பதினோரு மணிக்கு களி துன்னாரு. பாய் தொழப் போறாரு, ரெண்டு மணி நேரம் நான் போயி நிக்கணும்னாரு. சொல்லிட்டுத்தான் போனாரு."

[குறிப்பு: முதல் பிரதியில் இந்த இடத்தில் அவரை அழவைத்திருந்தேன். புடவையையும் கிழித்திருந்தேன். இரண்டாம் முறை வந்தபோது படித்துக் காட்டினேன். "நான் எங்க சார் அழுதேன்? ஒங்க வூட்ல மோர் நல்லா இருந்துச்சுன்னு ரெண்டாவது டம்ளர் கேட்டேனே, அத்த எழுதல? கிழிஞ்ச பொடவைய கட்டிக்கினு பஸ் ஏறி வருவாங்களா யாராச்சும்?" என்றார். மோர் குடித்தார். இரண்டு டம்ளர். புடவை புதியது, நாவல் பழ நிறம். திருத்திவிட்டேன்.]

அவர் கேட்பது எத்தனை சின்ன விஷயம் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒன்பதாவதாக ஒரு பெயர். கருங்கல்லில் ஒரு வரி. அதற்கு மலரில் ஒரு வாக்கியம் மாற வேண்டும்.

4

'பாய் தொழப் போறாரு, நான் போயி நிக்கணும்' என்பது என்ன என்று வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பல தோல் கம்பெனிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. எங்கள் கம்பெனிக்கு ஞாயிறு. வெள்ளியன்று மதியம் அரை மணி சாப்பாட்டு நேரம்தான். அதற்குள் ஆம்பூருக்குப் போய் ஜும்மா தொழுதுவிட்டுத் திரும்ப முடியாது. அதனால் ஆட்களே ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஹயாத் பாஷாவுக்குக் காலை ஷிப்ட். சுப்பராயனுக்கு மதியம் இரண்டு மணி ஷிப்ட். வெள்ளிக்கிழமைகளில் சுப்பராயன் பன்னிரண்டுக்கே வந்து பாயின் இடத்தில் நிற்பார். பதிலுக்கு, குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்றும், மாசியில் மயானக்கொள்ளை அன்றும் பாய் இவருக்காக நிற்பார். இப்படி இருபது ஜோடி இருந்தது. நாற்பது பேர்.

ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ஒரு பித்தளை வில்லை. டோக்கன் என்போம். டைம் ஆபீஸ் சுவரில் ஒரு பலகை. இடப்பக்கம் வெளி, வலப்பக்கம் உள். உள்ளே வந்தால் உங்கள் டோக்கனை எடுத்து வலப்பக்கம் மாட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் ரெஜிஸ்டரில் எழுதுவது. பாய் காலையில் மாட்டிய நூற்றுப் பதினேழு வலப்பக்கமே இருக்கும்; அவர் பக்கவாட்டுக் கேட் வழியாகத் தொழப் போய்விடுவார். அதே கேட் வழியாக சுப்பராயன் உள்ளே வருவார். அவருடைய இருநூற்று நாலு இடப்பக்கமே தொங்கிக்கொண்டிருக்கும். தொட்டால் கணக்குத் தப்பிவிடும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவர்தான் நூற்றுப் பதினேழு. அந்த எண்ணைக் கூப்பிட்டால் அவர்தான் திரும்புவார். இப்போது கைரேகை மெஷின் வந்துவிட்டது. விரலை இரவல் கொடுக்க முடியாது.

நிர்வாகத்துக்கு இது தெரியாது என்று நிர்வாகம் சொல்லும். சூப்பர்வைசர்களுக்குத் தெரியும். வாட்ச்மேனுக்குத் தெரியும். டைம் ஆபீசுக்கு —

சரி. பென்சில் கேள்விக்குறிக்கு வந்துவிட்டோம்.

எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் தெரியும். தெரியாதது போல் ரெஜிஸ்டர் எழுதுவதுதான் என் வேலையின் பாதி. முதல் பகுதியில் 'எனக்குத் தெரியாது' என்று எழுதியதை அடிக்காமல் விட்டிருக்கிறேன். எப்படிக் கூச்சமே இல்லாமல் வந்து விழுந்தது என்று நீங்களும் பார்க்க வேண்டும். உங்களுக்கு அது உறுத்தியிருக்காது. சுருக்கமான, நல்ல தமிழ் வாக்கியம் அது.

5

அந்த வெள்ளிக்கிழமை. ஆடி மாதம். இதை நான் ஏழெட்டு முறை எழுதிப் பார்த்துவிட்டேன்.

'மணி ஒன்றாகப் பத்து நிமிடம் இருக்கையில், விதி' — விதிக்கு என்ன வேலை இங்கே.

'தொட்டியின் இருண்ட வாய் அவருக்காக' — தொட்டி யாருக்காகவும் காத்திருக்காது. அது சேற்றால் அடைத்துக்கொண்டிருந்தது.

நடந்தது இது. சுண்ணாம்பும் தோல் கழிவும் சேரும் தொட்டியில் வெளிப்போக்குக் குழாய் அடைத்துக்கொண்டது. சூப்பர்வைசர் தொட்டிப் பக்கம் நின்று, "நூத்திப் பதினேழு! எறங்கிப் பாரு!" என்று கத்தினார். டைம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் தொட்டியின் ஏணி தெரியும். சுப்பராயன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார். பாதி ஏணியில் என்னைப் பார்த்துச் சிரித்தார் என்று ஒரு பிரதியில் எழுதியிருந்தேன். சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. செத்தவரைச் சிரிக்கவைப்பது எழுதுகிறவனுக்கு மிகவும் சுலபம், அதனால் எடுத்துவிட்டேன். இறங்கினார் என்பது மட்டும் நிச்சயம். இறங்கச் சொல்லி இறங்கினார். உள்ளே விஷவாயு இருந்தது. தூக்கும்போது உயிர் இல்லை.

மூன்று மணிக்கு அப்போதைய மேனேஜர் டைம் ஆபீசுக்கு வந்தார். பலகையைப் பார்த்தார். நூற்றுப் பதினேழு உள்ளே. இருநூற்று நாலு வெளியே.

"சுப்பராயன் டூட்டியில இல்லையா?" என்றார்.

"இல்ல சார்," என்றேன்.

அவ்வளவுதான். அவர் என்னை மிரட்டவில்லை. காபி வாங்கித் தரவில்லை. அந்த மாதம் சங்கம் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்திருந்தது. யாரோ எதையோ கெடுக்க உள்ளே புகுந்தார்கள் என்று சொல்வது நிர்வாகத்துக்கு வசதி. எனக்கு அதுகூடக் காரணமில்லை. பயந்தேன். ரெஜிஸ்டரில் இருந்தது என் கையெழுத்து. வருடக்கணக்காகத் தப்பாக எழுதிக்கொண்டு வந்தவன் நான். உண்மையைச் சொன்னால் என்னோடு அந்த நாற்பது பேரும் வெளியே போக வேண்டியதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாற்பது பேருக்காக என்று சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டபோது 'ரெஜிஸ்டர்படி இல்லை' என்றேன். அது அறிக்கையில் ஏறியது. அறிக்கையிலிருந்து செய்தித்தாளுக்குப் போனது. மூன்று வருடம் கழித்து நானே மலரில் எழுதினேன். போன வருடம் ஒரு கல்லூரி மாணவர் தோல் தொழில் பற்றி ஆய்வு செய்து, அதில் என் மலரை ஆதாரமாகக் காட்டியிருக்கிறார். என் பொய்க்கு இப்போது பக்க எண்ணெல்லாம் இருக்கிறது.

ஜெயித்தவர்கள் என்றால் யானைமேல் வருகிறவர்கள் என்று நினைத்திருந்தேன். அன்று சாயங்காலம் டிபன் பாக்சோடு பத்திரமாக வீட்டுக்குத் திரும்பியவர்களும் ஜெயித்தவர்கள்தான். நான் ஆறே காலுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

6

[இடைச்செருகல். கம்பெனியை மட்டும் திட்டிவிட்டுப் போனால் கதை ஒரு பக்கம் சாயும்.]

சங்கமும் ஒரு வரலாறு எழுதியது. அந்த வருடம் வேலைநிறுத்தம் நடந்து, கேட்டதில் பாதி கிடைத்தது. அடுத்த ஆண்டு போட்ட துண்டுப் பிரசுரத்தில், 'நிர்வாகத்தின் சதியை முறியடிக்கத் தன்னந்தனியாகத் தொட்டிக்குள் இறங்கிய தியாகி சுப்பராயன்' என்று இருந்தது. அதையும் தனகோடி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார்.

"இதுல நல்லாத்தானேம்மா எழுதியிருக்காங்க?" என்றேன்.

"அவரு கொடியே புடிச்சதில்ல சார். கூட்டத்துக்குப் போனா தூங்கிடுவாரு," என்றார். "அவங்க சொல்றவரு நெடுநெடுன்னு வேற யாரோ. எங்க வூட்டுக்காரு குட்டையா இருப்பாரு."

நான் அதைக் குறித்துக்கொண்டேன். இவ்வளவு எழுதிய நானும் அவர் குட்டை என்பதை எங்கேயும் சொல்லவில்லை.

7

ஹயாத் பாஷாவைப் பார்க்க ஆம்பூர் போனேன். அவரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, கதாபாத்திரமாக. சுப்பராயன் செத்த அடுத்த இரண்டு வருடத்தில் அவர் சூப்பர்வைசர் ஆனார். கதைக்கு ஒரு துரோகி தேவை என்றால் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தார். மனசுக்குள் அவருக்கு மாடி வீடும், விரல் நிறைய மோதிரமும் போட்டு வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் பழைய ஓட்டு வீடு, மூட்டு வலி, வாசலில் பேரனின் சைக்கிள்.

"வாங்க சார். நீங்க வருவீங்கன்னு இருபத்தெட்டு வருசமா பாத்துக்கினு இருக்கேன்," என்றார். கிண்டலா என்று தெரியவில்லை.

"தனகோடிம்மாவுக்கு ஜெராக்ஸ் நீங்கதான் குடுத்தீங்களா பாய்?"

"நான்தான். வேற யாரு குடுப்பாங்க? வருசா வருசம் சிரசுக்கு அந்தம்மா வூட்டுக்குப் போறேன். அவன் நம்ம தோஸ்த் சார்."

"அன்னைக்கு நீங்க ஏன் பாய் சொல்லல?"

அவர் கோபப்படவில்லை. "மூணு பொண்ணுங்க எனக்கு. வேலை போனா பேஜார் ஆயிடும்னு பயந்தேன். அது ஒண்ணு. இன்னொண்ணு, அன்னைக்கு கேட்ட மூடிட்டாங்க; சாயங்காலம் நான் உள்ள வந்தா, நூத்திப் பதினேழு உள்ள இருந்தான், அவன் டூட்டில இல்லன்னு நீங்க ஏற்கெனவே சொல்லிட்டீங்க. அதுக்கு மேல நான் தொழப் போனேன்னு சொன்னா, நீங்க பொய்யன், நான் திருடன். யாரு நம்புவாங்க?"

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைல இருந்து ஜும்மாவுல ஒவ்வொரு தடவையும் அவன் நெனப்புதான் சார். நான் தொழுதுக்கினு இருந்த நேரத்துல அவன் என் நம்பருக்குத் திரும்பியிருக்கான். எனக்கு வர வேண்டிய சாவு அது." பிறகு சாதாரணமாகத் தொடர்ந்தார். "எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன். ஆனா என் கையெழுத்து வாய்ப்பேச்சு மாதிரிதான். ரெஜிஸ்டர் எழுதினவர் நீங்க. நீங்க போட்டாதான் அது ஆதாரம்."

அங்கேயே உட்கார்ந்து, கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஏழு வரி. அலங்காரம் இல்லை. வெள்ளிக்கிழமை ஏற்பாடு, டோக்கன், சூப்பர்வைசர் கூப்பிட்ட எண், நான் எழுதிய ரெஜிஸ்டர், எல்லாம் இருந்தது. கீழே இரண்டு பேருக்கு இடம் விட்டேன். பாய் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பெயரை முழுதாக எழுதினார்.

நான் அப்புறம் போடுகிறேன் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன்.

[மேலே உள்ள இரண்டு வாக்கியங்களையும் இன்னொரு முறை படியுங்கள். நான் படித்தேன். தூக்கம் போய்விட்டது.]

8

கம்பெனியில் மலர் வேலையைக் கவனிப்பவர் கௌதம். முப்பது வயது இருக்கும். நல்ல பையன், மரியாதையானவர். வில்லனாக்கப் பார்த்தேன், ஒத்துழைக்கவில்லை. கடிதத்தைக் காட்டாமல், புது மலரிலும் அப்படியே வரப்போகிற நாற்பத்தாறாம் பக்கத்து வரியில் தவறு இருக்கிறது என்று மட்டும் போனில் சொன்னேன்.

"ஆதாரம் ஏதாவது இருக்கா சார்?"

"பாக்கறேன்," என்றேன்.

"ஆதாரம் இருந்தா மாத்திடலாம் சார், கல்லுலயும் சேத்துடலாம். எனக்கு ஒண்ணும் இல்ல. இல்லன்னா ஒரு ஐடியா. அந்த வரியையே மொத்தமா எடுத்துடலாம். பழசைக் கிளறின மாதிரி இருக்காது. அந்தக் குடும்பத்துக்கும் மனக்கஷ்டம் இருக்காது. திங்கக்கிழமை அஞ்சு மணிக்குள்ள பக்கம் ஃபைனல் பண்ணிக் குடுங்க."

எனக்குத் தேன் குடித்தது போல் இருந்தது. பொய்யும் போகும், நானும் மாட்டமாட்டேன். உடனே தனகோடிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனிச் சத்தம்தான் கேட்டது.

"எடுத்துட்டா?" என்றார்.

"அத்துமீறின்னு இருக்காதும்மா. திருடன் மாதிரி இருக்காது."

"எதுவுமே இருக்காது இல்ல?"

"ஆமா."

"சார், அவரு பேரு புஸ்தகத்துல இருக்கறது அந்த ஒரு எடந்தான். பொய்யாவாச்சும் அந்த எடத்துல செத்தாருன்னு இருக்குது. அதையும் எடுத்துட்டா அவரு அந்தக் கம்பெனி பக்கமே போகலன்னு ஆயிடும். அதுக்கு அந்தப் பொய்யே இருந்துட்டுப் போவட்டும்." பிறகு, "திங்கக்கெழமை வர்றேன்," என்று வைத்துவிட்டார்.

நான் நிறையப் படித்தவன். வரலாற்றில் ஒருவரைத் தப்பாக எழுதுவது அநியாயம் என்று எனக்குத் தெரியும். எழுதாமல் விடுவது அதைவிட மோசம் என்று தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து ஒருவர் போனில் சொன்ன பிறகுதான் உறைத்தது.

9

முடிவுகள்.

(அ) பொன்விழா மேடையில் ஹயாத் பாஷா எழுந்து நின்று மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்கிறார். கூட்டம் கலங்குகிறது. முதலாளி கீழே இறங்கி வந்து தனகோடியின் கையைப் பிடித்துக்கொள்கிறார். — படிக்க இதமாக இருக்கும். ஆனால் இதில் கடைசியில் பெருந்தன்மை முழுக்க முதலாளிக்குப் போய்விடுகிறது. இது மலரின் முடிவு.

(ஆ) நான் மலர் வேலையைத் தூக்கி எறிகிறேன். அட்டையில் என் பெயர் வேண்டாம் என்கிறேன். — இதில் நான் ஹீரோ. சுப்பராயன் பெயர் எங்கேயும் இல்லை. எழுதும்போது நெஞ்சு விம்மியது. அந்த விம்மலுக்காகவே கிழித்துப் போட்டேன்.

(இ) பல வருடம் கழித்து யாரோ ஒருவர் பழைய ரெஜிஸ்டரைக் கண்டுபிடித்து — ரெஜிஸ்டரில் பொய்தான் இருக்கிறது. அதை எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

(ஈ) முடிவை உங்களிடம் விட்டுவிடுவது. இந்த வகைக் கதைகளில் அதற்கு நல்ல மரியாதை உண்டு. வாசகரை மதிக்கிற எழுத்தாளன் என்பார்கள்.

(ஈ) எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

10

இன்று திங்கட்கிழமை. தனகோடி இரண்டு மணி பஸ்சில் வந்துவிட்டார். இங்கே வரைக்கும் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். மோர் வாங்கிக்கொண்டார். நடுவில் இரண்டு இடத்தில் சிரித்தார். ஏணி வந்த இடத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்லாத்தான் எழுதிக்கிறீங்க," என்றார். "அவரு குட்டைன்னு போட்டீங்களே, அது நல்லா இருக்குது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், பரிசு வாங்கியது போல் இருந்தது.

"இது எதுல வரும் சார்?"

"ஏதாவது பத்திரிகையில வரும்மா. கதையா."

"கதைன்னா கம்பெனிக்காரங்க உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்க. கற்பனைன்னு சொல்லிடலாம்."

"அப்ப கல்லுல பேரு?"

மேசையில் கடிதம் இருந்தது. பாயின் கையெழுத்துக்கு மேலே, என் இடம் காலியாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். ஏழு வரியையும் விரல் வைத்துப் படித்தார். நேரம் எடுத்தது. படித்து முடித்துவிட்டு அதை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதுல பாய் போட்டுட்டாரு."

"ஆமாம்மா."

"நீங்க போடல."

"நான் யோசிக்கறது என்னன்னா…" எழுத்தாளன் குரல் வந்துவிட்டது எனக்கு. "இது என் ஒருத்தன் விஷயம் இல்லம்மா. சரித்திரம்னாலே இப்படித்தான். படிக்கிறவங்க இதைப் பத்தி யோசிக்கணும். அதனால இந்த எடத்துல முடிவை வாசகர்கள்கிட்ட விட்டுடலாம்னு இருக்கேன். நான் கையெழுத்துப் போட்டேனா இல்லையான்னு அவங்களே முடிவு பண்ணட்டும்."

தனகோடி என்னையே பார்த்தார். கோபம் இல்லை. நான் சொன்னது நிஜமாகவே புரியவில்லை என்பது போல் கேட்டார்.

"அவங்களா சார் அன்னைக்கு டைம் ஆபீஸ்ல இருந்தாங்க?"

மணி நாலு நாற்பது. கௌதம் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். தனகோடி எதிரில் உட்கார்ந்திருக்கிறார். நான் எழுதிக்கொண்டே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். (ஈ)யை அடித்துவிட்டேன். உங்களிடம் தள்ளிவிடப் பார்த்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இங்கே வேலையில்லை.

என்னிடம் இருப்பது ஒரே பேனா. அதில் கதை எழுதிக்கொண்டிருக்கும் வரை வேறு எதிலும் கையெழுத்துப் போட முடியாது. நிறுத்துகிறேன்.